கடைசி அலசல் தண்ணீர்

சுற்றுச்சூழல் அதிகாரி சலவை ஆலையை விட்டுப் போனது ஒரு புதன்கிழமை. அன்று காலையிலிருந்தே மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. இயந்திரங்கள் பாதி அலசலில் நின்றுவிட்டதால் எல்லாப் பிரிவினரும் சாப்பாட்டு அறைக்கு வந்து அவரை வழியனுப்ப முடிந்தது. கேக் வெட்டினார்கள். முதலாளியம்மா ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார். அவர் இதைவிட நல்ல வேலைக்குப் போகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் பெரிதாக வருத்தப்படவில்லை.

என் சித்தி அப்போது மடிப்புப் பிரிவின் மேற்பார்வையாளர். ஓட்டல்களும் மருத்துவமனைகளும் அனுப்பும் விரிப்பு, துண்டு, அங்கி எல்லாவற்றையும் துவைத்து, உருளை இஸ்திரியில் விட்டு எடுத்து, மடித்துத் திருப்பி அனுப்புவது அந்த ஆலையின் தொழில். சித்தி கேக் தட்டோடு நின்றபடி கேட்டாள்:

"இவரு போயிட்டா இந்த வேலைய யாரு மேடம் பாக்கப் போறாங்க?"

"கேட்டவங்களே பாருங்க," என்றார் முதலாளியம்மா.

எல்லோரும் சிரித்தார்கள், சித்தியும் சிரித்தாள். மறுநாள் அது உத்தரவாக வந்தது. பெரிய மருத்துவமனை ஒன்று, தனக்கு வேலை செய்யும் நிறுவனங்கள் தண்ணீரையும் எரிபொருளையும் குறைத்துக் காட்ட வேண்டும் என்று கேட்டிருந்தது. ஆகவே அந்த நாற்காலி காலியாக இருக்கக் கூடாது. மடிப்பு வேலையும் சித்தியை விட்டுப் போகவில்லை.

நான் அந்த வருடங்களில் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தேன். இதையெல்லாம் பிறகு, சித்தி வீட்டு மாடியறையில் தங்கியிருந்தபோது, அவளும் சித்தப்பாவும் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டுச் சொல்லக் கேட்டேன்.

அதிகாரி விட்டுப்போனவற்றில் மின்சாரத்தைச் சேமிக்கச் சொல்லும் சுவரொட்டிகளும் ஒரு வரைபடமும் இருந்தன. துணியைக் கடைசியாக அலசும் தண்ணீர் ஏறக்குறைய சுத்தமானது. அதைச் சாக்கடைக்கு விடாமல் ஒரு தொட்டியில் பிடித்து, அடுத்த சுமையின் முதல் துவைப்புக்குக் கொடுக்கலாம் என்று வரைந்திருந்தார். தண்ணீரும் மிச்சம், அதில் இருக்கும் சூடும் மிச்சம். வரைபடம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் மனிதர் யாரிடமும் இரண்டாம் முறை போய்க் கேட்கக் கூச்சப்படுகிறவர்.

சித்திக்குக் கூச்சம் கிடையாது. சித்தப்பா சொல்வார்: "இவ ஒண்ணு கேட்டா, குடுத்துட்டுத் தூங்கறதுதான் நல்லது."

ஆலையின் பின்புறம் பழைய இரும்புச் சாமான்களுக்கு நடுவே துருப்பிடிக்காத எஃகுத் தொட்டி ஒன்று கிடந்தது. சித்தி அதைக் கழுவித் துவைக்கும் கூடத்துக்குக் கொண்டுவரச் சொன்னாள். குழாய் இணைக்க பாய்லர்காரரைப் பிடித்தாள். ஓய்வுக்குச் சில வருடங்கள் இருந்த அவருக்கு ஆலையில் எந்த மாற்றமும் பிடிக்காது.

"ஏம்மா, அழுக்குத் தண்ணியில துணி தொவைக்கச் சொல்றியே, நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"அண்ணே, அந்தத் தண்ணிய ஒரு கிளாஸ்ல புடிச்சுப் பாருங்க. உங்க வீட்டுக் குழாய்ல வர்றத விட நல்லா இருக்கும்."

"அப்ப நீ குடி."

சித்தி ஒரு மடக்குக் குடித்தாளாம். பாய்லர்காரர் தலையில் அடித்துக்கொண்டு குழாய் அளவெடுக்கப் போனார். சோப்பு வாடை இரண்டு நாள் நாக்கை விட்டுப் போகவில்லை என்பதைச் சித்தி எங்களிடம் மட்டும்தான் சொன்னாள்.

தொட்டி ஓடத் தொடங்கியது. ஆலைக்குப் பின்னால் நுரை ததும்ப ஓடும் வாய்க்கால் பாதியாக வற்றியது. பாய்லர் குறைவாக எரிந்தது. சித்திக்கு அதிகாரி பட்டம் ஒரு பொருட்டாக இல்லை; அந்தத் தொட்டி நிற்காமல் ஓட வேண்டும், அவ்வளவுதான். காலையில் வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் அதன் வெளிப்பக்கத்தைத் தொட்டுச் சூடு பார்ப்பாள்.

பிறகு அவள் விதிகள் போட ஆரம்பித்தாள். முதல் விதி: புதிய சாயத்துணியின் தண்ணீர் தொட்டிக்குப் போகக் கூடாது. அதற்கென்று ஓரத்தில் பழைய இயந்திரம் ஒன்று ஒதுக்கப்பட்டது; அதன் தண்ணீர் நேராக வெளியே போய்விடும். இரண்டாம் விதி: எந்த இயந்திரமும் பாதிச் சுமையில் ஓடக் கூடாது. அரைச் சுமைக்கும் முழுத் தண்ணீர்தான் செலவாகிறது. இந்த இரண்டாம் விதிக்காக அவள் ஆலை முழுக்கச் சண்டை போட்டாள். பாதி நிறைந்த இயந்திரத்தைக் கண்டால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கேயே நிற்பாள். அவளுக்கு 'ஃபுல் லோடு' என்று பெயர் வந்தது.

"டேய், ஃபுல் லோடு வருது, வயித்தையும் ரொப்பிக்கங்கடா!" என்று கத்துவான் இயந்திரம் ஓட்டும் நெட்டையன். முப்பது வயதுக்காரன், கதவு நிலையில் தலை இடிக்காமல் நுழையத் தெரியாதவன். கேலி செய்தாலும் விதியை அவன் மீறியதில்லை. சித்தி சொன்னதை முதலில் பிடித்துக்கொண்டவனே அவன்தான்.

ஒரு நாள் மருத்துவமனையிலிருந்து அறுவை அறை அங்கிகள் வந்தன. கரும்பச்சை, புத்தம் புதியவை, கொஞ்சமே இருந்தன. ஓரத்து இயந்திரத்தில் போட்டால் கால்வாசிகூட நிரம்பாது. சாயத்துணி தனியாகவா, முழுச் சுமையா என்று நெட்டையன் யோசித்தான். பக்கத்து இயந்திரத்தில் பலமுறை துவைத்துச் சாயம் வெளுத்துப்போன சமையலறைத் துண்டுகள் இருந்தன, சரியாக அந்த அளவுக்கு இடம் விட்டு. துண்டும் கலர், அங்கியும் கலர். இரண்டையும் சேர்த்துப் போட்டுக் கதவை அழுத்திச் சாத்தினான். இயந்திரம் நிறைந்தது. அதன் தண்ணீர் தொட்டிக்குப் போகிறது என்பது அந்த நேரத்தில் அவனுக்குத் தோன்றவில்லை.

தொட்டிக்கு மூடி உண்டு. யாரும் பார்க்கவில்லை. ஓட்டல் விரிப்புகள் அந்தத் தண்ணீரில் துவைக்கப்பட்டன. துவைக்கும் கூடத்து மஞ்சள் விளக்கில் ஈரத்துணியின் நிறம் தெரியாது. ஜன்னல் ஓரம் உள்ள மடிப்பு மேசைக்கு வந்தபோதுதான் தெரிந்தது. சித்தியின் பிரிவுப் பெண் ஒருத்தி விரிப்பை உதறிப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இது நம்ம ஓட்டல் விரிப்புதானா, இல்ல வேற எடத்துதா?" என்றாள். பாசி பிடித்த குளத்தை மேலிருந்து பார்ப்பதுபோல இருந்ததாம்.

வெளுப்புத்தூள் போட்டு மறுபடி துவைத்தார்கள். நிறம் திட்டுத் திட்டாகப் போனது. முன்பாவது ஒரே சீரான பச்சையாக இருந்தது.

முதலாளியம்மா எல்லோரையும் கூடத்தில் நிற்க வைத்தார். தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்றார். ஓட்டல்காரர்களிடம் ஒரு மணி நேரம் தொலைபேசியில் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"யாரு போட்டது?"

நெட்டையன் ஓர் அடி முன்னால் வந்தான். "நான்தான் மேடம். பாதி லோடு ஓட்டக் கூடாதுன்னு..."

"புது சாயத்த தனியாப் போடணும்னு தெரியாதா?"

"தெரியும் மேடம்." அவன் சித்தியைப் பார்த்தான். "ரெண்டுல எதுன்னு தெரியல."

அப்போது சித்தி பேசினாள். "ரெண்டு ரூலும் நான் போட்டது மேடம். ஒண்ணோட ஒண்ணு மோதினா எது பெருசுன்னு நான் சொல்லல. அவன ஒண்ணும் சொல்லாதீங்க. தொட்டிய மட்டும் நிறுத்தாதீங்க. ரூல மாத்திடறேன்."

"அடுத்த தடவ எந்த ரூலு எதோட மோதும்னு உங்களால சொல்ல முடியுமா?"

இதற்காக முதலாளியம்மாவைச் சித்தி இன்றுவரை குறை சொன்னதில்லை. "அவங்க எடத்துல நான் இருந்தாலும் அதத்தான் கேட்டிருப்பேன்," என்பாள்.

அன்று மாலையே தொட்டிக்குப் போகும் குழாயின் வாய் பற்றவைத்து அடைக்கப்பட்டது. பாய்லர்காரர் தான் செய்த இணைப்பைத் தானே அடைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் வெளியிலிருந்து ஆள் வந்தது. நெட்டையனுக்கு வேலை போகவில்லை. அதிகாரி நாற்காலிக்கு முதலாளியம்மாவின் உறவுக்காரர் ஒருவர் வந்து, புதிய சுவரொட்டிகள் ஒட்டினார். சித்தி மடிப்பு மேசைக்குத் திரும்பினாள்.

ஓட்டல் வேண்டாம் என்ற விரிப்புகளைத் தொழிலாளர்களே எடுத்துக்கொண்டார்கள். சில காலம் ஆலையைச் சுற்றியிருந்த தெருக்களில் எந்தக் கொடியைப் பார்த்தாலும் திட்டுப் பச்சை விரிப்பு காய்ந்தது. சித்தப்பா அதிலொன்றைக் காருக்குப் போர்த்தினார்.

"உன் பேரு ஊரெல்லாம் பறக்குது பாரு," என்றார்.

"பறக்கட்டும். கிழிஞ்சா தைச்சுத் தர்றேன்," என்றாள் சித்தி. ஆனால் அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்று சித்தப்பா என்னிடம் தனியாகச் சொன்னார்.

ஓய்வு பெறும்வரை அவள் அங்கேயே இருந்தாள். காலையில் தொட்டியைக் கடக்க வேண்டியிருக்கும் என்பதால் முன்வாசலை விட்டுச் சரக்கு வாசல் வழியாகப் போவாளாம். அது சுற்று வழி. பாதிச் சுமையில் ஓடும் இயந்திரத்தைக் கண்டாலும் வாய் திறக்கவில்லை. வாய்க்காலில் பழையபடி நுரை ஏறியது. 'ஃபுல் லோடு' என்ற பெயர் மட்டும் நிலைத்தது; காரணம் தெரியாத புதியவர்கள் அவள் உடம்பைப் பார்த்து வைத்த பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஓய்வு பெற்று வருடங்கள் ஆகியிருந்தன. சித்தியும் நானும் பேருந்துக்காக நின்றிருந்தபோது அவளுடைய கைபேசி அதிர்ந்தது. கண்ணாடியை எடுத்து வரவில்லை. என்னிடம் நீட்டி, "யாருடி, படி," என்றாள். நெட்டையன். துவைப்புக் கூடத்துக்கு இப்போது அவன்தான் மேற்பார்வையாளர். எழுதியிருந்ததை அப்படியே படித்தேன்:

"அக்கா, இத்தன நாளா மேடத்துக்கிட்ட கேட்டுக் கேட்டு போன வாரம் சரின்னுட்டாங்க. வெல்டிங்க வெட்டியாச்சு. புது கலர் துணி ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் ஓரத்து மெஷின்லதான் ஓடும். அதுக்கு அடுத்துதான் ஃபுல் லோடு. இந்த ரூல் நான் போட்டது, தப்பானா என்னையே திட்டுங்க. காலையிலேருந்து தொட்டி ஓடுது. தொட்டுப் பாத்தேன், சூடா இருக்கு."