வெள்ளிக்கிழமை யாருக்கு?

ஜவுளிக்கடையில் துணி விற்பது எளிது. விற்பவர்களுக்கு வார லீவு ஒதுக்குவதுதான் கடினம். அறந்தாங்கியில் ஒரு கடையில் சூப்பர்வைசராக இருக்கும் நான், முதலில் ஒரு பெரும் பிழையைத் திருத்திவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை விடுமுறையை வெள்ளைக்காரன் கண்டுபிடித்தான் என்று நாடே நம்பிக்கொண்டிருக்கிறது. இல்லை. அவனுக்கு வெகுகாலம் முன்பே ரோமாபுரிப் பேரரசர் ஒருவர் சூரியனுடைய நாளில் ஓய்வெடுக்கும்படி ஆணையிட்டுவிட்டார். இதைத் தெரிந்துகொண்டதால் எங்கள் கடையில் யாருக்கும் ஒரு நாள் லீவு கூடக் கிடைத்ததில்லை. லீவு போட்டுக் கொடுக்கும் பதவியில் இருந்து திட்டு வாங்குபவர்கள் என்னைப் புரிந்துகொள்வார்கள்.

சூரிய பக்தர்

எங்கள் முதலாளி தினமும் ஷட்டரைத் தூக்குவதற்கு முன் கிழக்கே திரும்பிச் சூரியனைக் கும்பிடுவார். இவ்வளவு பக்தியுள்ளவர் சூரியனுக்குரிய நாளிலாவது கடையை மூடலாமே என்று, ரோமாபுரியையும் துணைக்கு அழைத்துப் பேசிப் பார்த்தேன். ஞாயிறுதான் வியாபாரம் அதிகம் என்பது எனக்கும் தெரியும். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“சூரியன் என்னைக்காச்சும் லீவு போட்டு நீ பாத்திருக்கியாய்யா?”

வெள்ளிக்கு ஒருவர்

ஆகவே வாரநாட்களை ஆளுக்கொன்றாகப் பங்கிட்டேன். சேலை செக்‌ஷனில் ஒரு நாளைக்கு ஒருவருக்குத்தான் லீவு. வெள்ளியை அங்குள்ள பெண்களில் மூத்தவரான ரஹ்மத்துக்குக் கொடுத்தேன், அவர் கேட்காமலே. மத நல்லிணக்கத்துக்கு என்னாலானது என்று உள்ளுக்குள் ஒரு பெருமை.

அதே செக்‌ஷனில் பரமேஸ்வரி. பிரசவ லீவு முடிந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து வெள்ளி வேண்டும் என்றாள். அம்மன் கோயிலுக்குத்தான் என்று நானே முடிவு செய்துகொண்டு, யூதர்களின் சனிக்கிழமையில் தொடங்கி, ரோமாபுரி வழியாக வந்து, நம் முன்னோர் சூரியனைக் கும்பிட்டார்களே தவிர வாரத்தில் ஒரு நாள் ஓய்ந்து உட்கார்ந்ததில்லை என்று நிறுவினேன். மற்ற பெண்கள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்கள். அவள் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. கடைசியில் சொன்னாள்:

“சரிங்க சார். பொதங்கெழமையே போட்டுக்கங்க.”

பிரியாணி நாள்

சில மாதம் கழித்து ரஹ்மத் தன் வெள்ளியைத் திருப்பிக் கொடுக்க வந்தார். இஸ்லாத்தில் வெள்ளி ஓய்வு நாளே அல்ல, தொழுகை முடிந்ததும் வியாபாரத்துக்குப் போகலாம் என்று ஆரம்பித்தேன். தெரியும் என்றார். ஜும்மா தொழுகைக்குப் போவது வீட்டு ஆண்கள். அவருக்கு அன்று பிரியாணி வேலை. கடையிலாவது உட்கார ஸ்டூல் உண்டு. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய் வீடு காலியாகக் கிடக்கும் செவ்வாய் போதுமாம்.

வெள்ளியை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். பரமேஸ்வரியின் கணவர் குவைத்தில் டிரைவர். வாரத்தில் வெள்ளி மட்டும்தான் அவருக்கு லீவு. வீடியோ கால் பேசக்கூடிய போன் வீட்டில் ஒன்றுதான். அதை இவள் வேலைக்கு எடுத்து வந்துவிடுகிறாள். கடை மூடி, கீரமங்கலம் பஸ்ஸைப் பிடித்து இவள் வீடு போய்ச் சேர்வதற்குள் குழந்தை உறங்கிவிடும்.

“புள்ளை தூங்குறதத்தான் சார் அந்த மனுசன் வாராவாரம் பாக்குறாரு.”

கேட்டிருக்கக் கூடாத கேள்வி

வெள்ளியை அன்றே பரமேஸ்வரிக்கு மாற்றிவிட்டு, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அவளிடம் போனேன். யாரோ விரிக்கச் சொல்லி வாங்காமல் போன சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வந்ததோ, இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்ற கேள்வி. குற்றத்தில் பாதியை அவள் தலையில் தள்ளுகிறேன் என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது. கையிலிருந்த சேலையை மடித்து அடுக்கிவிட்டுச் சொன்னாள்:

“நீங்க ரோமாபுரியில இருந்து கெளம்புனீங்க சார். குவைத்து வாரதுக்குள்ள சாப்பாட்டு நேரம் முடிஞ்சிருச்சு.”

அந்த வெள்ளிக்கிழமை, விழித்திருந்த குழந்தை போனில் அப்பாவைப் பார்த்ததும் வீறிட்டு அழுது, அவள் முந்தானைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டதாம்.