ஐயாவைக் கூப்பிடுங்கம்மா

அறுபதைத் தாண்டியதும் என் குரல் மாறிப்போனதை முதலில் கண்டுபிடித்தவர் ஒரு சாயப்பட்டறைக்காரர். வீட்டு போனை எடுத்து நான் "ஹலோ" என்றதும், "அம்மா, ஐயா இருக்காருங்களா?" என்றார்.

"ஐயாதானுங்க பேசறேன்."

"வெளையாடாதீங்கம்மா. அவசரமுங்க, ஐயாவைக் கூப்பிடுங்க."

பக்கத்திலிருந்த என் மனைவி ரிசீவரை வாங்கி, "சொல்லுங்க" என்றாள். "ஐயா, வணக்கமுங்க!" என்று அந்த ஆள் குழைந்தது எனக்கே கேட்டது. அன்று முழுக்க அவள் நினைத்து நினைத்துச் சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பனியன் கம்பெனியில் தையல் மாஸ்டராக இருந்தவன் நான். அத்தனை மிஷினும் ஓடும்போது நான் அதட்டினால் கடைசி மிஷின்காரர் நிமிர்ந்து பார்ப்பார். அந்தத் தொண்டைக்காகத்தான் எங்கள் பழனிப் பாதயாத்திரைக் கூட்டத்தில் என்னை முன்னால் விட்டார்கள். நான் "முருகனுக்கு!" என்று கூப்பிட வேண்டும், மற்றவர்கள் "அரோகரா!" சொல்ல வேண்டும். முப்பது வருஷமாக அந்த இடம் என்னுடையது. அது போய்விடுமோ என்பதுதான் என் பயம்.

சளி என்று நினைத்து மிளகும் பனங்கற்கண்டும் தின்று பார்த்துவிட்டு, கடைசியில் டாக்டரிடம் போனேன். வயதானால் தொண்டைக்குள் இருக்கும் குரல் நாண்கள் மெலிந்துவிடுமாம். சரியாகச் சேர்ந்து மூடாததால் காற்று கசியுமாம். ஆண்களுக்குக் குரல் பெரும்பாலும் மேலே ஏறும், பெண்களுக்குக் கீழே இறங்கும் என்றார். கழுத்தை இழுத்துப் பிடிக்கும் ரிப் பட்டி தளர்ந்த பனியன் மாதிரி என்று நானே புரிந்துகொண்டேன். "தண்ணி நல்லாக் குடிங்க. கத்தாதீங்க" என்று அனுப்பிவைத்தார். தண்ணீர் விஷயத்தை மட்டும் வீட்டில் சொன்னேன்.

அந்த வருஷத் தைப்பூச யாத்திரையிலும் கூட்டத்துக்கு முன்னால்தான் நடந்தேன். தாராபுரம் நெருங்கும்போது லாரிகள் இரைச்சலோடு போய்க்கொண்டிருந்தன. "முருகனுக்கு!" என்றேன். கீச்சென்று ஏதோ வந்தது. முன்வரிசையில் நாலு பேர் மட்டும் பதில் சொன்னார்கள். இன்னும் பலம் கொடுத்தேன். இருமல்தான் வந்தது. திரும்பிப் பார்த்தால் கூட்டத்தின் வால் எங்கோ பின்தங்கிக் கிடந்தது. அவமானத்தில் தரையைப் பார்த்து நடந்தேன்.

"முருகனுக்கு!"

பின்னாலிருந்து கனமாக ஒரு குரல் வந்தது. எவன்டா அவன், என் இடத்துக்கு வருகிறவன் என்று திரும்பினேன். என் மனைவி. கூட்டம் மொத்தமும் "அரோகரா!" என்றது. பின்தங்கியவர்கள்கூட ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார்கள். வயிறு எரிந்தது. அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

அவள் என் பக்கத்தில் வந்தாள். "உன்னை யாரு கூப்பிடச் சொன்னாங்க?" என்றேன்.

"முப்பது வருசமாப் பின்னாடி நடந்து பதில் சொன்னவளுக்குக் கூப்பிடத் தெரியாதுங்களா? ஏனுங்க, நீங்க ஒருக்காவாச்சும் அரோகரா சொல்லியிருக்கீங்களா?"

யோசித்தேன். சொன்னதே இல்லை. கூப்பிட்டுவிட்டு, எத்தனை பேருக்குக் கேட்டது என்று கவனிப்பதிலேயே காலம் போயிருந்தது.

அவள் மறுபடி கூப்பிட்டாள். கூட்டத்தோடு நானும் சொன்னேன். அத்தனை குரலுக்குள் என்னுடையது எது என்று எனக்கே தெரியவில்லை.