சத்தம் போடாத ரிலே

கடியப்பட்டணத்தில் எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டி மகளிர் குழுவின் அறை இருந்தது. சுனாமிக்குப் பிறகு குழுவுக்குக் கிடைத்த மின்சார மீன் உலர்த்தி அதற்குள் நின்றது. மழை விடாத நாட்களில் நெத்திலியைத் தட்டுகளில் பரப்பி அதில் ஏற்றுவார்கள். சூடு ஐம்பது டிகிரியைத் தாண்டக் கூடாது. நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள் என்பதால் சாவியை என்னிடம் கொடுத்திருந்தார்கள்.

தக்கலைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள் நான். கணவர் வளைகுடாவில் இருந்தார். மாமியார் மூத்த மகன் வீட்டில். ஒன்றேகால் வயது மகளோடு பகல் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பேன். பதில் சொல்ல அவளுக்கு இன்னும் வார்த்தை வந்திருக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் உலர்த்தியின் ஹீட்டருக்குக் கரண்டை விட்டு நிறுத்தும் காண்டாக்டர் 'டக்' என்று ஒட்டும். சற்றுப் பொறுத்து 'டக்' என்று விடும். ஹீட்டர் ஓடுகிறது, நின்றது என்று எனக்குத் தெரிந்துவிடும். அரிசி களையும்போதும் துணி அலசும்போதும் என் காது அங்கேதான் இருக்கும்.

ஓர் ஆனி மாதம் அந்தக் காண்டாக்டர் தீய்ந்துபோனது. நாகர்கோவிலிலிருந்து வந்த மெக்கானிக் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு சாமானை, வரிவரியான அலுமினியத் துண்டின் மேல் வைத்துத் திருகினார்.

"எஸ்.எஸ்.ஆர். அக்கா, சாலிட் ஸ்டேட் ரிலே. காண்டாக்டர் செஞ்ச வேலைய இனி இது செய்யும். உள்ள அசையுற சாமானே கிடையாது. சத்தமும் இல்ல, தேய்மானமும் இல்ல. சூடுதான் இதுக்குப் பகை. இந்த ஹீட் சிங்க் வழியாட்டு சூடு வெளிய போணும், பாத்துக்கிடுங்க."

நான் தலையாட்டினேன். பரீட்சையில் படம் வரைந்து எழுதிய விஷயம்தான். காண்டாக்டர் இருந்த பழைய பெட்டிக்குள் இடமில்லாததால் அதைச் சுவரில், என் முழங்காலுக்குச் சற்று மேலே பொருத்திவிட்டுப் போனார்.

அதன் பிறகு டக் சத்தம் இல்லை. உள்ளே சுற்றும் காற்றாடியின் இரைச்சல் மட்டும் ஏறாமல் இறங்காமல் கேட்டது. உலர்த்தி சரியாக ஓடுகிறதா என்று நிச்சயமில்லாமல் கால்மணிக்கொரு தரம் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்ப் பார்ப்பேன். ரிலேயில் பொட்டு மாதிரி ஒரு சிவப்பு விளக்கு. அது எரிந்தால் ஹீட்டர் ஓடுகிறது என்று அர்த்தம். மகளுக்கும் அந்த விளக்கு பிடித்துப்போயிற்று. கீழே விட்டதும் நேராக அதனிடம் போய் விரலை நீட்டினாள். ஹீட் சிங்கைத் தொட்டுப் பார்த்தேன். கை பொறுக்காத சூடு.

ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டியை வெட்டி அதன்மேல் மூடிக் கட்டினேன். காற்றுக்கு நான்கு ஓட்டை போட்டேன். போதுமா என்று யோசித்து இன்னும் இரண்டு. விளக்கு தெரிவதற்காக முன்பக்கத்தில் ஒன்று.

மூன்றாம் நாள் எல்லாத் தட்டுகளும் நிறைய மீன். மத்தியானம் மகளை உறங்கவைத்துவிட்டு ஓடிப் போய்ப் பார்த்தேன். சூட்டைக் காட்டும் எண் பலகையில் எழுபத்தொன்று. ஆனால் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. விளக்கு இல்லையென்றால் ஹீட்டரும் நின்றிருக்க வேண்டும். எண் காட்டுவதுதான் தப்பாக இருக்கும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே நின்றேன். எழுபத்தாறு ஆனபோதுதான் மெயின் சுவிட்சை இழுத்தேன். கதவைத் திறந்ததும் அவித்த மீன் வாடை முகத்தில் அடித்தது.

அட்டைப்பெட்டியைப் பிய்த்துக் கதவுக்குப் பின்னால் வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று அப்போது என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

சாயங்காலம் மெக்கானிக் வந்து பார்த்தார். "எஸ்.எஸ்.ஆர். ஷார்ட் ஆயிட்டு. இது கெட்டா பலநேரம் அப்பிடியே ஒட்டி நின்னுரும். விளக்கு அணைஞ்சாலும் ஹீட்டர் ஓடும். மழைக் கரண்டுல்லா, வோல்டேஜ் கூடியிருக்கும்."

குழுப் பெண்கள் ஆமாம் என்றார்கள். ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. மெக்கானிக் தன் பையை மூடத் தொடங்கினார். அப்படியே விட்டிருந்தால் சாவி என்னிடமே இருந்திருக்கும். நான் கதவுக்குப் பின்னாலிருந்து அட்டையை எடுத்து வந்து, பிள்ளை தொட்டுவிடுவாளென்று மூடிவைத்ததையும், சூடு வெளியே போகாமல்தான் ரிலே கெட்டிருக்கும் என்பதையும் சொன்னேன்.

குழுத் தலைவி அதை வாங்கி ஓட்டைகளை எண்ணுவது போலப் பார்த்தார். "ஏட்டி, ஜன்னலெல்லாம் வச்சி வீடு கெட்டிக் குடுத்திருக்கா பாரு!"

"நெத்திலியும் அவிச்சுத் தந்திட்டா. இனி தேங்கா அரைச்சு ஊத்துனா போதும்" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். மெக்கானிக்கும் சிரித்தார்.

பிறகு தலைவி என் தோளில் கை வைத்தார். "கைப்பிள்ளைய வச்சிட்டு நீ என்ன செய்வா? உன்மேல குத்தமில்ல மக்ளே. பிள்ளைய நோக்கு. சாவிய இங்க தா."

திட்டியிருந்தால் இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று கேட்டிருப்பேன். தோளில் அந்தக் கை இருக்கும்போதே சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் மெக்கானிக் புது ரிலே போட்டு, அதைச் சுற்றிக் கம்பிவலைக் கூண்டு ஒன்றை மாட்டினார். காற்றும் போகும், பிள்ளை விரலும் எட்டாது. எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய கூண்டு. வெள்ளிக்கிழமை போனில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நல்லதாப் போச்சு. இனி நிம்மதியா இரு" என்றார்.

அடுத்த மழைக்குப் பெண்கள் மீன் ஏற்றிவிட்டு, கதவைப் பூட்டி, பேசிக்கொண்டே போனார்கள். காற்றாடி இரைந்தது. அந்தப் பக்கம் ஐம்பதா, எழுபதா என்று கேட்க ஆளில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு போய், உள்ளே இருக்கும் சூடு தெரிகிறதா என்று எங்கள் பக்கத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். மழையில் ஊறிய சுவர் குளிர்ந்துதான் இருந்தது.