ஈரச் சேறு

சுப்பையாவின் இரண்டு கைகளையும் கருக்கியவன் நான்.

கொள்ளிக்கட்டையால் அல்ல... ஒரு பிடி ஈரச் சேற்றால்! சிரிக்காதீர்கள். முழுதும் கேட்ட பிறகு காறித் துப்பத் தோன்றினால் தாராளமாகத் துப்புங்கள். நானே கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துத் துப்பியிருக்கிறேன். ஏதோ நோய் என்று நினைத்து என் மனைவி கசாயம் வைத்துக் கொடுத்தாள்.

நாட்டுக்கு விடுதலை வரப்போகிறது என்று மலாக்கா முழுதும் ஒரே பேச்சாக இருந்த காலம் அது. அன்றும் இன்றும் எனக்குக் காஜா பெராங்கில் அதே வீடுதான். காடு காக்கும் கூலிக் குழு ஒன்றுக்கு நான் மண்டோர். லெடாங் மலைப் பக்கம் தீப்பிடித்தால் ஆட்களைத் திரட்டிக்கொண்டு ஏற வேண்டியது என் பொறுப்பு.

சுப்பையா அந்தக் குழுவில் ஒருவன். எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த மலாக்காச் செட்டி; பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து மலாய்க்காரர்களோடு கலந்துவிட்ட தமிழ் வம்சம். நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். தமிழில் அவனுக்கு வந்ததெல்லாம் சாமி பெயர்களும், சில பலகாரப் பெயர்களும், என்னைக் கூப்பிடும் ‘அண்ணே’யும்தான்.

அந்த ஆண்டு சீனப் பெருநாள் கழிந்தும் ஒரு சொட்டு மழை இல்லை. ஒரு மாலை வானம் வெறுமனே இடித்தது. முகட்டில் தனித்து உயர்ந்து நின்ற மரத்தில் மின்னல் இறங்கியது. காடு பற்றிக்கொண்டது.

அந்த உயரத்தில் எரியும் தீயை யாரும் அணைக்க முடியாது. தண்ணீரும் இல்லை, பாதையும் இல்லை. எரியவிட்டுத்தான் அதை வழிக்குக் கொண்டுவர வேண்டும். மேலே போனால் மொட்டைப் பாறை. தின்ன ஒன்றும் கிடைக்காமல் தானே அவிந்துவிடும். கீழே இறங்காமல் மட்டும் நாங்கள் பார்த்துக்கொள்வோம். சருகைக் கூட்டி, புதரை வெட்டி, வெறும் மண் தெரிகிற வரை சுரண்டி, சரிவின் குறுக்கே ஒரு கோடு இழுப்போம்.

தீ படுத்த பிறகுதான் தலைவலி தொடங்கும். கோட்டை ஒட்டி நிற்கும் அடிக்கட்டைகளுக்குள் நெருப்பு பதுங்கியிருக்கும். வேர் வழியே மண்ணுக்கடியில் ஊர்ந்து கோட்டின் மறுபக்கம் எழும்பும். ஆகவே ஓடைச் சேற்றை அள்ளி ஒவ்வொரு கட்டையிலும் அப்பிவிட்டு, ஒரு சுற்றுப் போய்வருவோம். சேறு ஈரமாகவே இருந்தால் கட்டை செத்துவிட்டது என்று அர்த்தம். காய்ந்து வெளுத்திருந்தால் உள்ளே நெருப்பு உயிரோடு இருக்கிறது. தோண்ட வேண்டும், வேரை அறுக்க வேண்டும், ஓடையிலிருந்து தண்ணீர் சுமக்க வேண்டும். எங்கள் குழுவில் யாரும் யார் வாயையும் நம்புவதில்லை, சேற்றைத்தான் நம்புவோம்.

அந்தச் சேற்றில்தான் நான் பொய்யைக் குழைத்தேன்!

மறுநாள் மலாக்காத் திடலில் சுதந்திரத் தேதியை அறிவிக்கப் போகிறார்கள் என்ற செய்தி, எங்களுக்கு அரிசி கொண்டுவந்தவனோடு மலையேறி வந்தது. குழுவில் இருந்த முனியாண்டிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“மண்டோர், நாளைக்கு ஊரே திடல்ல நிக்கும். நாம மட்டும் இங்க கொசுவுக்குக் கல்யாண விருந்து போட்டுக்கிட்டுக் கெடக்கணுமா?”

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவர்கள் எல்லாரையும்விட எனக்குத்தான் போக ஆசை. நாட்டுப் பற்றா? அட, அதெல்லாம் ஒன்றுமில்லை! புதிதாக ஒரு வெள்ளைச் சட்டை தைத்து வைத்திருந்தேன். அதைப் போட்டுக்கொண்டு நான் முன்வரிசையில் நிற்பதை ஊர் பார்க்க வேண்டும்... அவ்வளவுதான். ஒரு சட்டை!

கோட்டின் கடைசியில் ஒரு பெரிய மெராந்திக் கட்டை. கடைசிச் சுற்றில் நான் மட்டும் அங்கே போனேன். அதன்மேல் அப்பிய சேறு சுண்ணாம்பாய் வெளுத்து, வெடித்துக் கிடந்தது. தோண்டினால் மறுநாள் முழுதும் அங்கேயே போய்விடும். திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. புதுச் சேற்றை அள்ளிப் பழைய சேற்றின்மேல் பூசினேன். விரல் சுட்டது. சுடச்சுடப் பூசினேன்!

“எல்லாக் கட்டையும் செத்துப்போச்சு! மூட்டையக் கட்டுங்கடா!” என்று கூவினேன்.

தீ படுத்தாலும் ஒருவன் காவல் இருந்தாக வேண்டும். காட்டில் துப்பாக்கிக்காரர்கள் திரிந்த காலம்; தனியாகத் தங்க யாருக்கும் மனமில்லை. சுப்பையாதான் முன்வந்தான்.

“அண்ணே பாலிக் டூலு. சாயா ஜாகா.” நீங்கள் முதலில் வீட்டுக்குப் போங்கள், காவலுக்கு நான் இருக்கிறேன் என்றான்.

பிறகு படுக்க இடம் தேடினான். மெராந்திக் கட்டைக்குப் பக்கத்தில்தான் தரை சமமாக இருந்தது. கட்டையில் இருந்த சேற்றைத் தொட்டுப் பார்த்தான். ஈரம். நிம்மதியாக இலைகளைப் பரப்பினான். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ‘அங்கே வேண்டாம்’ என்ற இரண்டு சொல்... சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பானே!

மறுநாள் வெள்ளைச் சட்டையில் திடலில் நின்றேன். “மெர்டேக்கா!” என்று விடுதலை முழக்கத்தை ஊரோடு சேர்ந்து தொண்டை கிழியக் கத்தினேன். உயர்த்திய கையில், நகக்கண்ணில், அந்தச் சேறு. சட்டையில் பட்டுவிடுமோ என்றுதான் கவலைப்பட்டேன்!

நாங்கள் திரும்பவும் மலையேறியபோது சுப்பையா ஓடையில் உட்கார்ந்திருந்தான், இரண்டு கைகளையும் தண்ணீரில் வைத்தபடி. விடியற்காலையில் அவனருகே தரை உள்வாங்கி, வேர் கங்காய் வெளியே வந்திருக்கிறது. பாராங் கத்தியின் பிடி கருகிக் கழன்றுவிட்டது. அதன்பின் வெறுங்கையால் தோண்டி, வேரைப் பிய்த்து, தீயைக் கோட்டிலேயே கொன்றிருக்கிறான். தன்னந்தனியாக!

செத்த கட்டையிலிருந்து தீ எப்படி எழும்பியது என்று வெள்ளைக்கார அதிகாரி கேட்டார். “நான் பார்த்தபோது சேறு ஈரமாகத்தான் இருந்தது, துவான். இவன் தூங்கியிருப்பான்” என்றேன். எவ்வளவு சுத்தமான உண்மை, பாருங்கள்!

சுப்பையா தலையைக் குனிந்துகொண்டான். “பெத்துல், துவான். சாலா சாயா.” உண்மைதான், தப்பு என்னுடையது என்றான்.

அவனுக்கு வேலை போயிற்று. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் குறண்டிப்போயின. தீயை அடக்கிய மண்டோர் என்று எனக்கு மாலை போட்டார்கள். போட்டுக்கொண்டேன்.

இன்னும் கேளுங்கள். போகியன்று செட்டிகள் முன்னோருக்கு வாழையிலை விரித்துப் படைப்பார்கள். ஆண்டுதோறும் சுப்பையா என்னை அழைப்பான்; நானும் போய் உட்கார்ந்து தின்பேன். இந்த ஆண்டு, படையலின் முன்னே வேண்டி முடித்து என் பக்கத்தில் வந்து அமர்ந்தான். என்ன வேண்டிக்கொண்டாய் என்று விளையாட்டாகக் கேட்டேன்.

“தியாப் தாவுன் சாமா, அண்ணே” என்றான். ஒவ்வொரு ஆண்டும் அதேதானாம். அன்றைக்குத் தூங்கிப்போய், அண்ணன் பெயருக்குக் கெடுதல் செய்யப் பார்த்ததற்கு முன்னோரிடம் மன்னிப்பு கேட்கிறானாம்!

என் வாய் நிறையச் சோறு. துப்பியிருக்கலாம். சொல்லியிருக்கலாம். விழுங்கினேன்... விக்கிக்கொண்டது.

அவன் பதறிப்போய், இரண்டு மணிக்கட்டுகளாலும் தண்ணீர்க் குவளையை இடுக்கி எடுத்து என்முன் நீட்டினான்.

“மினும், அண்ணே.”

வாங்கிக் குடித்தேன். அடுத்த போகிக்கும் வரச் சொல்லியிருக்கிறான். போவேன்.