ஓடைக்காகப் பழகிய ஜப்பானியச் சொல்

முதல் தட்டில் ஓடு உடையும், அடுத்ததில் கொட்டை தெறிக்கும். புளிப் பருவத்தில் ஜவ்வாது மலையில் எங்கள் ஊர் முழுக்க அந்த ஓசைதான். அந்தத் தாளத்தில்தான் எனக்கு ஜப்பானிய மொழி வந்தது. தங்கள் நாட்டுப் பண உதவியில் நடந்த மரம் நடும் திட்டத்தைப் பார்வையிட ஜப்பானியர்கள் வரவிருந்தார்கள். முன்னேற்பாட்டுக்காக வந்து எங்கள் 'வூட்டில்' தங்கிய மொழிபெயர்ப்பாளர் ரெஜினா, 'ஹஷி'யில் முதலெழுத்தை உயர்த்தினால் உண்ணும் குச்சி, இரண்டாவதை உயர்த்தினால் பாலம் என்றார். 'அமெ'யும் அப்படியே: ஒரு விதமாகச் சொன்னால் மழை, இன்னொரு விதமாகச் சொன்னால் மிட்டாய். புளி தட்டும் கல்லை ஓங்கியும் தணித்தும் தட்டிப் பழகினேன்.

எனக்குத் தேவைப்பட்டவை மழையும் பாலமும். ஓடை பெருகினால் பள்ளிக்கூடம் அக்கரையில் நின்றுவிடும். பாலம் வராவிட்டால் அக்கா செல்வியைப் பத்தாம் வகுப்புக்கு அனுப்புவதில்லை என்று அப்பா முடிவு செய்திருந்தார்.

"நான் கேட்டா என் வேலை போய்டும். சின்னப் பொண்ணு நீ கேளு," என்றார் ரெஜினா.

"பாத்துடி, குச்சி கட்டிக் குடுத்துடப் போறாங்க," என்று சிரித்தாள் அக்கா.

அவர்கள் வந்தது கோடையில்; கார்கள் காய்ந்த ஓடையை எளிதாகக் கடந்து வந்தன. முன்னால் போன என்னை அப்பா தோளைப் பிடித்து நிறுத்தினார். "இன்னா அவசரம்? விருந்தாளிங்க சாப்ட்டு கை கழுவட்டும். அப்பால கேளு." வந்தவர் பசியாறும் முன் நம் குறையைச் சொல்வது எங்கள் ஊரில் அவமானம். சாமைச் சோறும் கோழிக்குழம்பும் காத்திருந்தன. மலைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்று கூட வந்த அதிகாரி அவர்களை இலையில் உட்காரவே விடவில்லை. பாட்டில் தண்ணீர் குடித்தார்கள், படம் எடுத்தார்கள், குனிந்து வணங்கினார்கள், காரில் ஏறினார்கள்.

"விடுப்பா!" என்று திமிறினேன்.

"அவங்க இன்னும் சாப்புடலியேம்மா," என்றார் அப்பா, பிடியைத் தளர்த்தாமல்.

இன்று ஓர் ஆலையில் ஜப்பானியப் பொறியாளர்களோடு வேலை செய்கிறேன். என் கோபத்துக்கு உரியவர்களை வரிசைப்படுத்திப் பார்த்திருக்கிறேன்: சோற்றைத் தடுத்த அதிகாரி, கோடையில் வந்து ஓடையைப் பார்த்தவர்கள், தன் வேலையைக் காத்துக்கொண்டு என்னை அனுப்பிய ரெஜினா. அப்பாவை எந்த இடத்தில் வைப்பதென்று மட்டும் தெரியவில்லை. அவர் மரியாதைதான் காட்டினார், மகளின் படிப்பைக் கொடுத்து. அதனால்தான் இந்தக் கோபம் ஆறுவதே இல்லை.

விருந்தாளி பசியாறிய பிறகே குறை சொல்லும் அந்த வழக்கம் ஊரில் மறைந்துவிட்டது. இப்போது வண்டி நிற்கும் முன்பே மனுவை நீட்டுகிறார்கள். அண்மையில் பாலமும் வந்துவிட்டது. எப்படி இருக்கிறது என்று அக்காவிடம் போனில் கேட்டேன்.

"நல்லாத்தான் கீதுடி," என்றாள். "எனக்கு இன்னாத்துக்கு இப்போ?"