மாட்டு டாக்டர் கைவிட்ட கினிப்பிக்

இன்னைக்கு முத்தையாபுரம் பஸ்ஸுல, என் மடியில இருந்த கூடைக்குள்ள, வாலில்லாத எலி மாதிரி இருக்கிற என் கினிப்பிக்கை எட்டிப் பார்த்த ஒரு அம்மா, டாக்டர்கிட்டப் போறேன்னதும், "எலிக்குமா வைத்தியம் பாக்கிய?"ன்னு சிரிச்சாங்க.

எழுபதுகள்ல மாட்டு டாக்டரும் இப்படித்தான் சிரிச்சார். அப்போ நான் வளர்த்த கினிப்பிக் தீனி எடுக்காம, பின்னங்காலை இழுத்துக்கிட்டுக் கிடந்தது. "தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கும்மா"ன்னார்.

நான் போடல. சரக்குத் தோணியில கடலோடிட்டிருந்த என் வீட்டுக்காரர் அதோட வாயைத் திறந்து பார்த்தார். "ஏளா, ஈறெல்லாம் ரத்தம். காய்கனி இல்லாம மாசக்கணக்கா கடல்ல கெடந்தா எங்களுக்கும் இதான் வரும்."

வெறும் தவிட்டைப் போட்டது என் தப்புதான். நெல்லிக்காயைப் பிழிஞ்சு தினமும் புகட்டினேன். பத்தாம் நாள் ஓடுச்சு. அதைத் தூக்கிக்கிட்டு அந்த டாக்டர் வாசல் வழியாவே கடைக்குப் போனேன்.

இன்னைக்கும் கூடையை மூடல. "ஆமா, எலிக்குத்தான்"னேன்.

சிரிக்கிறவங்க இதைப் படிச்சுட்டு இங்கனயும் சிரிச்சுட்டுப் போங்க.