எது கிணற்றுப் புறா

எங்கள் வீட்டில் புறாக் கறி என்ற பேச்சையே எடுக்க முடியாது. கோவில்பட்டியில் மொட்டைமாடி முழுக்கப் பந்தயப் புறாக்களை வைத்துக்கொண்டு, என்னைவிட அவற்றோடு அதிகம் பேசுகிறவர் என் வீட்டுக்காரர். நான் துணி காயப்போட மாடிக்குப் போவதோடு சரி, புறா மூஞ்சியைப் பார்த்தவளில்லை. ஆனால் இடைசெவலில் அண்ணன் வீட்டுக்குப் போனால் புறாக் கறி சாப்பிடுவேன். கிணற்றுப் பொந்தில் அடைகிற காட்டுப்புறா வேறு, நாம் வளர்க்கிற புறா வேறு என்பது என் நியாயம். பார்க்க என்னவோ இரண்டும் ஒன்றுதான். சாம்பல் உடம்பு, இறக்கையில் இரண்டு கறுப்புப் பட்டை.

போன மாசியில் பந்தயப் பழக்கத்துக்காகத் தெற்கே கொண்டுபோய்த் திறந்துவிட்ட பெட்டைப் புறா ஒன்று திரும்பவில்லை. அவருக்கு உயிரான புறா. அன்றிலிருந்து மனுஷன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை, மாடியே கதி என்று கிடந்தார். எனக்கு எரிச்சல் ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம்.

சித்திரையில் அண்ணன் போன் செய்தார். "ஏட்டி, கெணத்துப் புறாவோட ஒண்ணு களத்துக்கு வந்து, நான் நிக்கும்போதே கோழிக்குப் போட்ட கம்பைத் திங்குது. மாப்ளையோட புறாவா இருக்கும்."

வீட்டுக்காரரிடம் மூச்சுவிடாமல் பஸ் ஏறினேன். கண்டுபிடித்துக் கொண்டுவந்து கையில் கொடுக்க ஆசை.

அண்ணன் கிணற்று வாயில் வலையை விரித்து உள்ளே கல்லைப் போட்டார். படபடவென்று மேலே வந்தவற்றில் ஐந்தாறு சிக்கின. "வளத்த புறா கையில அடங்கி இருக்கும், காட்டுப்புறா துள்ளும்," என்றார். ஒன்று மட்டும் கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டு அடங்கி இருந்தது. அதை அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார். மற்றவை மதினி கைக்குப் போயின. அவற்றில் ஒன்று அண்ணன் கையைக் கொத்தித் துள்ளியது. அதன் மூக்கின் மேல் வெள்ளையாகத் தடித்திருந்தது.

"இதுக்கு என்ன சீக்குண்ணே?"

"எச்சம் காஞ்சிருக்கும்."

வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் பெட்டியோடு வந்தேன்.

அண்ணன் போனில் சொன்னதை நான் சொல்லச் சொல்ல, வீட்டுக்காரர் பெட்டியைத் திறந்து, புறாவை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இது கெணத்துப் புறா. சொவத்துல அடிபட்டு மயங்கிக் கெடக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவரோ சிரித்தார். எத்தனை நாளைக்குப் பிறகு! "மனுசன் பக்கத்துல நின்னு திங்குதுன்னா அது நம்மளதுதான். நம்மளதுக்கு மூக்கு மேல தடிப்பா, வெள்ளையா இருக்கும். இதுக்குப் பாரு, ஒல்லியா இருக்கு. காலையில நானே போய்ப் பிடிச்சிட்டு வாரேன். பசிக்குது, சோத்தைப் போடு."

அண்ணன் கையைக் கொத்தித் துள்ளிய அந்தப் புறாவை நானே சீக்குப் புறா என்று சொன்னேனே!

"போவாதீங்க. அது கெணத்துல இல்ல."

"பெறவு எங்க?"

"மதினி கொழம்பு வச்சிட்டாவ."

கையிலிருந்த காட்டுப்புறாவைப் பெட்டிக்குள் மெல்ல வைத்தார். மூடியைச் சாத்தினார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"நீயும் சாப்பிட்டியா?"